முன்னங்கால் வளைந்த நாய்க்குட்டி: இப்போதே ஆபரேஷனா, வளரும்வரை காத்திருப்பதா?

மழைத்துளி:

நண்பர்களே, ஐந்து வாரத்துக்கு முன்னால் சாக்கடையில் கிடந்த ஒரு நாய்க்குட்டியைத் தூக்கி வந்தோம். பெண். நிறத்தை வைத்துச் செவலை என்று பெயர். பால்பல் எல்லாம் விழுந்து நிரந்தரப் பல் முளைத்துவிட்டதால் ஆறு ஏழு மாதம் இருக்கும் என்றார் டாக்டர். வரும்போது எலும்பும் தோலுமாக, உடம்பு பூரா உண்ணியோடு இருந்தாள், அதிலிருந்து தேறிவிட்டாள். இப்போது கவலை வலது முன்னங்கால்தான். முன்கை வில் மாதிரி வளைந்து, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கிறது. வந்த அன்று எடுத்த போட்டோவையும் நேற்று எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வளைவு கூடியிருப்பது நன்றாகத் தெரிகிறது.

எக்ஸ்ரே பார்த்த முதல் டாக்டர், எப்போதோ அடிபட்டு, முன்கையில் இருக்கும் அல்னா எலும்பின் வளர்ச்சித் தட்டு (எலும்பு நீள்கிற இடம்) மூடிவிட்டது, ஒரு வயது ஆகட்டும், வளர்ந்து முடிந்ததும் நேராக்கிவிடலாம் என்றார். இன்னொருவர் ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள் என்கிறார். வீட்டிலோ, ஓடி ஆடுகிற பிள்ளையை ஏன் கத்தி வைத்துக் கிழிக்க வேண்டும் என்று அம்மா அழுகிறார். தூங்கி எழுந்தால் மட்டும் கொஞ்ச நேரம் காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறாள், அப்புறம் சரியாகிவிடுகிறது. மாவுக்கட்டு போட்டு நேராக்க முடியாதா? இப்படி ஒரு நாயை வளர்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

பழையவீடு:

நான் காத்திருந்தவன், அதனால் எழுதுகிறேன். எங்கள் பையனுக்கும் இதே கால், இதே வயது. நன்றாகத்தானே ஓடுகிறான் என்று எட்டு மாதம் விட்டுவிட்டோம். பிறகு ஆபரேஷன் செய்து கால் நேராகிவிட்டது, பார்க்க அழகாக இருந்தது, ஆனால் அதற்குள் முழங்கை மூட்டு தேய்ந்திருந்தது. அதை யாராலும் திருப்பித் தர முடியவில்லை. இன்றைக்கும் குளிர் நாட்களில் எழுந்திருக்கச் சிரமப்படுகிறான். நாய் வலியை மறைத்துக்கொள்ளும், ஓடுவதை வைத்து வலி இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். எழுந்ததும் தாங்குகிறாள் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அதை அம்மாவிடம் காட்டுங்கள்.

எலும்புவைத்தியன்:

கால்நடை மருத்துவர், பெரும்பாலும் எலும்பு ஆபரேஷன்தான் செய்கிறேன். படத்தைப் பார்க்காமல் உங்கள் குட்டிக்கு இதைச் செய்யுங்கள் என்று சொல்ல முடியாது. என்ன நடக்கிறது என்பதை மட்டும் விளக்குகிறேன்.

முன்கையில் ரேடியஸ், அல்னா என்று இரண்டு எலும்புகள் ஒட்டினாற்போல் ஓடுகின்றன. இரண்டும் ஒரே வேகத்தில் நீள வேண்டும். அல்னாவின் நீளத்தில் ஏறத்தாழ 85 சதவீதம் மணிக்கட்டுப் பக்கத்துத் தட்டிலிருந்து வருகிறது. நாய்க்கு அந்தத் தட்டு கூம்பு வடிவம், அதனால் எந்தப் பக்கம் அடிபட்டாலும் நசுங்குகிறது. அது மூடிவிட்டால் அல்னா நின்றுவிடும், ரேடியஸ் வளர்ந்துகொண்டே போகும். வில்லில் நாண் கட்டினால் எப்படியோ அப்படி, நிற்கிற எலும்பு இழுக்க, வளர்கிற எலும்பு வளைகிறது, முழங்கை மூட்டும் பொருந்தாமல் போகிறது. ஐந்து வாரத்தில் வளைவு கூடியது அதனால்தான். மாவுக்கட்டு அந்த நாணை அறுக்காது, வளர்கிற குட்டிக்கு மூட்டு இறுகிப்போவதுதான் மிச்சம். அது வேண்டாம்.

வளர்ச்சி மிச்சம் இருந்தால் அல்னாவில் ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்து, மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இடையில் அவள் உடம்பிலிருந்தே எடுத்த கொழுப்பை வைப்போம். இழுப்பு விடுபடும், முழங்கை ஓரளவு தானே பொருந்தும், சில குட்டிகளுக்கு வளைவும் குறையும். ஆறு ஏழு மாதம் என்பது இதற்குக் கடைசிப் பக்கம், மாதக்கணக்கில் யோசிக்க நேரமில்லை. வளர்ந்து முடிந்த பிறகு என்றால் ரேடியஸையே வெட்டித் திருப்பி பிளேட் போட வேண்டும், அல்லது வெளியே கம்பிச் சட்டம் பொருத்த வேண்டும். பெரிய வேலைதான், அதற்கு சிடி ஸ்கேன் எடுத்து எந்த இடத்தில் எத்தனை டிகிரி என்று கணக்குப் போடுவது நல்லது. சிலருக்கு முதலில் சின்னது, வளர்ந்தபின் பெரியது என்று இரண்டும் தேவைப்படும், அதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். நான் முதலில் பார்ப்பது முழங்கையைத்தான். கால் கோணலாக இருந்தாலும் நாய் வாழ்ந்துவிடும், மூட்டு கெட்டால் ஒவ்வொரு அடியும் வலி.

உண்ணி இருந்தது என்றீர்கள். ஆபரேஷனுக்கு முன் ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்களைக் கட்டாயம் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் உள்ளே இருந்தால் தட்டணு குறைந்து, ரத்தம் நிற்காமல் போகலாம்.

கால்தடம்:

ஆபரேஷன் ஒரு நாள், அதற்குப் பிறகுதான் நம் பங்கு. எங்களுக்கு பிளேட் போட்டு எலும்பு ஒன்றுசேர எட்டு வாரம் ஆனது. அத்தனை நாளும் கூண்டு, கழிக்க மட்டும் கயிற்றில் கட்டி மெதுவாக வெளியே. படி ஏறக் கூடாது, சோபாவில் குதிக்கக் கூடாது, வழுவழுப்பான தரை முழுக்க விரிப்பு போட்டோம். மூன்றாம் வாரம் அவளுக்குத் தெம்பு வந்துவிடும், ஓட வேண்டும் என்று கத்துவாள், எலும்புக்கு அது தெரியாது, அங்கேதான் நிறையப் பேர் மனசு இளகி விட்டுவிடுகிறார்கள். கழுத்துக் கூம்பையும் கழற்றாதீர்கள், ஒரு ராத்திரி நக்கினாலே தையல் பிரிந்துவிடும். இப்போதிலிருந்தே கூண்டுக்குள் சோறு வைத்துப் பழக்குங்கள்.

வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலோ இபுப்ரோஃபெனோ கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு இரண்டுமே ஆபத்து. கால்சியம் டானிக்கும் வேண்டாம், இது சத்துக் குறையால் வளைந்த கால் இல்லையே.

மழைத்துளி:

எல்லோருக்கும் நன்றி. நேற்றே இரண்டாவது டாக்டரிடம் போய் முழங்கையைத் தனியாகப் படம் எடுக்கச் சொன்னேன். மூட்டில் இடைவெளி விழ ஆரம்பித்திருக்கிறது, ஆனால் தேய்மானம் இன்னும் தெரியவில்லை. தட்டணு சரியாக இருக்கிறது. ரேடியஸ் வளர்ச்சி இன்னும் முடியவில்லை என்பதால் அல்னா ஆபரேஷன் நாளைக் காலை. பழையவீடு எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் பழைய போர்வையை மடித்துக் கூண்டுக்குள் போட்டார். இரவு பத்து மணிக்கு மேல் சோறு கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். செவலை இப்போது காலிக் கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.