கலைச்சொல் வேண்டும்: முந்தின ராத்திரியே கூட்டி வைத்துக் காலையில் சுடும் பழ ரொட்டி

கோவை, திங்கள் இரவு

கலைச்சொல் குழுவினர் எல்லாருக்கும் வணக்கமுங்க.

எங்கள் மாலைநேர பேக்கரி வகுப்புக்குத் தமிழில் செய்முறைக் கையேடு தயாராகிறது. வெள்ளிக்கிழமை காலை பக்கங்கள் அச்சுக்குப் போயாக வேண்டும். ஒரே ஒரு பக்கம்தான் தலைப்பில்லாமல் நிற்கிறது. மூலத்தில் அதன் பெயர் 'ஓவர்நைட் ஃப்ரூட் பிரேக்ஃபாஸ்ட் பேக்'.

பண்டம் இதுதான். ஒரு நாள் ஆன 400 கிராம் ரொட்டியைத் துண்டு போட்டு, பாதியை நெய் தடவிய தட்டில் பரப்ப வேண்டும். அதன்மேல் செவ்வாழைத் துண்டுகள், அதற்கும் மேல் மீதி ரொட்டி. 6 முட்டை, அரை லிட்டர் பால், நாட்டுச்சர்க்கரை, ஏலக்காய் எல்லாம் அடித்து மேலே ஊற்றி, மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுவது. காலையில் எடுத்து 180 டிகிரியில் முக்கால் மணி நேரம். நடுவில் கத்தியைக் குத்தி எடுத்தால் பால் ஒட்டக் கூடாது.

பழைய கையேட்டில் 'இரவு முழுவதும் ஊறவைத்த சுட்ட பழ உணவு' என்று போட்டிருந்தார்கள். போன சித்திரையில் அன்னூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண் வீட்டில் செய்து பார்த்தாள். தட்டை ஈரத்துணியால் மூடி அடுப்பு மேடையிலேயே விட்டுவிட்டாள். விடிந்து பார்த்தால் ஓரமெல்லாம் நுரை கட்டி, கிட்டப் போக முடியாத வாடை. அந்தத் தட்டை அப்படியே வகுப்புக்குக் கொண்டுவந்து காட்டினாள். "ராத்திரி ஊறப் போடறதுன்னா மாவு மாதிரித்தானுங்களே டீச்சர்? ஃபிரிட்ஜுன்னு ஏழாவது வரியிலதானுங்க இருக்குது" என்றாள். அவள் மேல் தப்பே இல்லை. அரிசியும் உளுந்தும் ஆட்டி வெளியே வைத்துப் பழகிய கை அது. பச்சை முட்டையும் பாலும் கலந்தது 5 டிகிரிக்கு மேல் ராத்திரி முழுக்க இருந்தால் கிருமி பெருகிவிடும் என்பதைப் பெயரே சொல்ல வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

ஆகவே நல்ல சொல்லாகக் கொடுங்கள். படிப்பவர்கள் எட்டாவது, பத்தாவது முடித்த பெண்கள். அதை மனதில் வையுங்கள்.

கோபிசெட்டிபாளையம் (கோபி), செவ்வாய் காலை

அம்மா, நல்ல வினா.

உள்ளே ஒன்றை வைத்துச் செய்யும் பண்டத்துக்குத் தமிழில் சொல் இல்லையென்று 'பூரணம்' என்கிறோம். சொல் இருக்கிறது. 'கவவு அகத்திடுமே' என்பது தொல்காப்பிய உரியியல். கவவு என்றால் அகத்தே இடுவது, அகத்தீடு. மதுரைக்காஞ்சியில் 'கவவொடு பிடித்த வகையமை மோதகம்' வருகிறது. அடுத்த அடியிலேயே அந்தப் பண்டம் விற்கும் கூவியர் நள்ளிரவில் தூங்கி வழிகிறார்கள். இரவும் கவவும் ஒரே இடத்தில் நிற்கின்றன, பாருங்கள். பெரும்பாணாற்றுப்படையில் அதே கூவியர் பாகொடு பிடித்த 'இழைசூழ் வட்டம்' பாலில் கலந்ததுபோல் என்று ஓர் உவமை. பாலில் ஊறிய அப்பம்! உங்கள் பண்டத்துக்கு இதைவிடப் பழைய சாட்சி வேண்டுமா?

இனி இரவு. வைகுதல் என்பது தங்குதல், இராத் தங்குதல். வைகறை அதிலிருந்து வந்தது. தொல்காப்பியர் மருதத்துக்குச் சொன்ன பொழுதை 'வைகறை விடியல்' என்றும் 'வைகுறு விடியல்' என்றும் இரு பாடமாகப் படிக்கிறோம். இரவில் தங்கி விடியலில் உணவாவது எதுவோ அது வைகு. ஆகவே:

வைகுகவவு.

நான்கு அசை தாண்டாது, முழுத்தமிழ், வேர் தெரிகிறது. பேக்கரி வைத்திருப்பவரைக் கூவியர் என்றும் மீட்டுக்கொள்ளலாம்.

பொள்ளாச்சி, செவ்வாய் மதியம்

புலவர் ஐயாவுக்கு வணக்கமுங்க. நான் முப்பது வருசமா பேக்கரி போட்டிருக்கிறவன். தேங்காய் பன் வயித்துக்குள்ள போறதை எங்க மாஸ்டர் 'பூரணம்'னுதான் சொல்லுவார். வீட்டுல ஒப்பிட்டுக்கு வைக்கிறதும் பூரணம்தான். நாளைக்கு அவர்கிட்டப் போய்க் 'கவவு எடுத்து வை'ன்னா, கவ்வச் சொல்றேனோன்னு முழிப்பாருங்க.

இன்னொண்ணு. பண்டத்துக்குப் பேரே இல்லைன்னு பேசறோம். தனித்தனித் துண்டா பால் முட்டையில முக்கித் தோசைக்கல்லுல போட்டா அது பாம்பே டோஸ்ட். எல்லாக் கடையிலயும் தெரியும். இது அதோட தட்டு வடிவம், அவ்வளவுதானுங்க. 'தட்டு பாம்பே டோஸ்ட்'னு போட்டா எல்லாரும் புரிஞ்சுக்குவாங்க.

டீச்சரம்மா, பேர் எதுவா இருந்தாலும் ஒரு வரி சேருங்க. வேகவெக்காத அன்னாசியும் பப்பாளியும் ராத்திரியே போடக் கூடாது. பால் திரிஞ்சு கசந்துடும். அன்னாசியைச் சர்க்கரையோட நல்லா வேகவெச்சு ஆறவெச்சுத்தான் போடணும்.

ஈரோடு, செவ்வாய் மாலை

நான் இந்தக் கையேட்டின் மொழிபெயர்ப்பில் பாதியைச் செய்தவன். அண்ணன் சொன்ன அன்னாசிக் குறிப்பு சரிதான். அதிலுள்ள ப்ரோமலைன் என்ற நொதி பாலின், முட்டையின் புரதத்தை அறுத்துவிடும். வேகவைத்தால் அந்த நொதி செத்துவிடும். குறிப்பைச் சேர்த்தாகிவிட்டது.

பெயருக்கு வருகிறேன். 'பாம்பே டோஸ்ட்' வேண்டாம் அண்ணா. பம்பாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிரெஞ்சுக்காரர்கள் அதை 'இழந்த ரொட்டி' என்ற பொருளில் அழைக்கிறார்கள். காய்ந்து வீணாகப் போனதை மீட்டு எடுப்பதால் அந்தப் பெயர். ஊர்ப்பெயரைச் சுமப்பதைவிடச் செயலைச் சுமக்கும் பெயர்தான் மாணவிக்கு உதவும்.

மூலத்தில் வேறொரு பக்கத்தில் இதையே 'கேசரோல்' என்கிறார்கள். அதையும் விட்டேன். நம் வீடுகளில் கேசரோல் என்றால் சப்பாத்தி சூடாக இருக்க வைக்கும் ஹாட் பாக்ஸ். பாத்திரத்தின் பெயரே பண்டத்துக்கு ஆவது நமக்குப் புதிதல்ல, குழிப்பணியாரம் இருக்கிறது. ஆனால் இந்தப் பாத்திரம் இங்கே வேறு வேலைக்குப் போய்விட்டது.

என் முன்மொழிவு: இரவூறல் பழ ரொட்டி.

தாராபுரம், செவ்வாய் இரவு

'இரவூறல்' பார்க்க அழகுதான் தம்பி. ஆனால் ஊறல் என்ற பெயர்ச்சொல் இன்றைக்குச் செய்தித்தாளில் எதற்கு வருகிறது? 'சாராய ஊறல் அழிப்பு' என்று வாரம் ஒருமுறை படிக்கிறோம். ஊறு என்ற வினை தூயது, கிணற்றில் நீர் ஊறும், நாவில் எச்சில் ஊறும், 'தொட்டனைத் தூறும் மணற்கேணி'யும் உண்டு. பெயராக்கும்போதுதான் சிக்கல்.

இன்னொரு எச்சரிக்கை, அச்சுக்கு முன் கட்டாயம் பார்க்க வேண்டியது. பழம் என்பதோடு வல்லினம் சேர்ந்தால் மகரம் கெட்டு வல்லினம் மிகும்: பழம் + சாறு, பழச்சாறு. பழமை என்ற பண்புப்பெயர் சேர்ந்தால் ஈறு போய் இனம் மிகும்: பழஞ்சோறு, பழங்கூழ். நன்னூலின் 'ஈறு போதல்' நூற்பாவை எல்லாரும் படித்திருப்பீர்கள். ஒரே ஒரு மெய்யெழுத்தில் கனி ஊசிப்போனதாகிவிடும். புலவர் ஐயாவின் கவவையே எடுத்துக்கொள்ளுங்கள். 'பழக்கவவு' என்றால் கனி, 'பழங்கவவு' என்றால் நேற்றைய மிச்சம். இராத் தங்கிய பண்டத்துக்கு இந்தக் குழப்பம் ஆகவே ஆகாது. ரகரத்தில் இந்த ஆபத்து இல்லை. 'பழ ரொட்டி' பிழைத்தது.

பீளமேடு, புதன் காலை

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து கோவையில் வாழ்பவள். எங்கட பக்கம் பேக்கரியை வெதுப்பகம் என்று பலகையில் எழுதுவினம், அடுப்பு போறணை. ரொட்டிக்குப் பேச்சில் பாண்தான். பாணும் போறணையும் போர்த்துக்கேயர் விட்டுப்போனவை என்று படித்திருக்கிறேன். என்றாலும் அம்மா 'பாண்' என்று கூப்பிட்டால் அது தமிழாகத்தான் காதில் விழும். 'வெதுப்பிய' என்று போட்டால் சுட்டதுக்கும் பொரித்ததுக்கும் வேறுபாடு தெரியும். அதை யோசியுங்கோ.

தாராபுரம், புதன் காலை

அம்மா, இங்கே வெதுவெதுப்பு என்றால் குழந்தையைக் குளிப்பாட்டும் நீரின் சூடு. 180 டிகிரியை வெதுப்பு என்றால் மாணவி தட்டை வெயிலில் வைத்துவிடுவாளோ என்று எனக்குப் பயம். 'அடுமனை' இங்கே கடைப் பலகைகளில் ஏறியிருக்கிறது. அடு, அதாவது சமை என்ற வேர் அடுப்பு, அடிசில், அட்டில் எல்லாவற்றிலும் உயிரோடு இருக்கிறது.

கோபி, புதன் மதியம்

அடு நல்ல வேர். அடை என்ற பண்டமும் அதன் பிள்ளை என்றே நான் கருதுகிறேன். அடைதல், அதாவது செறிதல் என்பதிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. நம் பண்டம் இரண்டுக்கும் பொருந்துகிறது. அடப்படுகிறது, செறிந்தும் இருக்கிறது. 'கவவடை' என்றால் என்ன குறை?

சிற்றுண்டி என்று யாரும் சொல்ல வந்தால் ஒன்று நினைவூட்டுகிறேன். நம் ஊரில் காலையில் இட்டலி, தோசை, சந்தகை எல்லாம் பலகாரம்தான். அந்தச் சொல்லைப் 'பல காரம்' என்று பிரித்து, காரமான பல பண்டம் என்று விளக்குகிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி அதைப் பலாஹாரம் என்பதிலிருந்து காட்டுகிறது. பழ உணவு என்று பொருள், விரத நாளில் சோற்றை விட்டு உண்டது. பிறகு பழம் போய் மாவு வந்தது. நீராகாரத்தில் இருக்கும் ஆகாரமும் அதுவே. வடசொல்லாகவே இருக்கட்டும். பழம் வைத்த காலை உணவுக்கு அதைச் சொன்னால், சொல் தன் பழைய வீட்டுக்குத் திரும்புகிறது. இதை நான் உள்ளம் நெகிழ்ந்தே எழுதுகிறேன்.

பொள்ளாச்சி, புதன் மாலை

ஐயா, இது எனக்குத் தெரியாதுங்க. பழனி பஞ்சாமிர்தத்தை ஆசையா எடுத்துத் தின்னுட்டு, அதுதான் முதல் பலகாரம்னு இனிமேல் சொல்லுவேன். 'பழப் பலகாரம்' நல்லா இருக்குதுங்க.

ஈரோடு, புதன் இரவு

ஐயாவின் வேர் எனக்கும் பிடித்தது. ஆனால் 'பழப் பலகாரம்' என்றால் கையேட்டில் வாழைப்பழ அப்பமும் அதுதான், பலாப்பழ இலையடையும் அதுதான். வேறுபடுத்திக் காட்டாத சொல்லைக் கலைச்சொல் என்று எப்படிச் சொல்வது?

'யாருக்கும் புரியாது' என்று புதுச்சொல்லைத் தள்ளவும் வேண்டாம். கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது. ஆட்டுக்கல் இருந்த வீட்டில் கிரைண்டர் என்ற சொல்லோடேயே அது குடியேறிவிட்டது, அப்போது யாரும் சொல் தேடவில்லை. ஆனால் 'புவிசார் குறியீடு' நேற்று ஆக்கிய சொல், இன்று சந்தைக்கடைக்காரரும் சொல்கிறார். முதல் நாளே சொல் கையில் இருந்தால் ஒட்டிக்கொள்ளும். இந்தப் பண்டம் இப்போதுதான் இங்கே வருகிறது. நமக்கு இன்னும் ஒன்றரை நாள் இருக்கிறது.

கோவை, வியாழன் காலை

எல்லாருக்கும் நன்றிங்க. நேற்று வகுப்பில் வந்த சொற்களில் மூன்றைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பொருள் சொல்லாமல், "இதைப் படித்தால் ராத்திரி தட்டை எங்கே வைப்பீர்கள்?" என்று மட்டும் கேட்டேன்.

'வைகுகவவு'க்கு யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு பெண் மட்டும் வைகை அணையா என்றாள். 'இரவூறல்' என்றதும் பாதிப்பேர் "வெளியிலதானுங்க, மூடி வெச்சு" என்றார்கள். 'பழப் பலகாரம்' என்றதற்கு "அடுப்புல" என்றார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்த 'இரவூறல்' விடைதான். இரவு என்ற சொல் எங்கள் பெண்களுக்குப் புளிப்பைச் சொல்கிறது. பழைய சோறு, கம்மங்கூழ், இட்டலி மாவு, ராத்திரி செய்யும் வேலையெல்லாம் வெளிச்சூட்டில் நடப்பவை. இந்தப் பண்டத்தில் மட்டும் ராத்திரி எதுவுமே புளிக்கக் கூடாது, காய்ந்த ரொட்டி பாலைக் குடித்துக்கொள்ள மட்டும் வேண்டும்.

அப்போதுதான் அந்த அன்னூர்ப் பெண் எழுந்தாள். "டீச்சர், ராத்திரிங்கறதை எடுத்துடுங்க. குளுருல ஊறுனதுன்னு போடுங்க. குளுருன்னா ஃபிரிட்ஜுதான், வேற எங்க வெக்கறது" என்றாள்.

குளிரூறல் பழ ரொட்டி. எத்தனை மணி நேரம் என்பதை முதல் வரியில் எழுதிவிடலாம்: குறைந்தது 6, முடிந்தால் இரவு முழுவதும். இன்று மாலைக்குள் மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

பொள்ளாச்சி: சரிங்க.

பீளமேடு: எனக்கு ஒப்புதல். வெதுப்பை விட்டுக்கொடுக்கிறேன்.

தாராபுரம்: ஊறல் உள்ளே இருக்கிறது, ஆனாலும் 'குளிர்' முன்னால் நிற்பதால் சாராய நினைவு வராது. ஏற்கிறேன். 'குளிரூறல்' சேர்த்தே எழுதப்படட்டும். பிரித்தால் குளிர் வேறு, ஊறல் வேறு என்று ஆகிவிடும்.

ஈரோடு: சேர்த்தாகிவிட்டது. கண்ணாடித் தட்டைக் குளிரிலிருந்து நேரே சூட்டுக்குள் தள்ளினால் விரிசல் விடும், அரை மணி நேரம் வெளியே வைத்துப் பிறகு சுடவும் என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

கோபி, வெள்ளி விடியல்

பெரும்பான்மை எதுவென்று கண்டுகொண்டேன். அச்சுக்குத் தடை சொல்ல மாட்டேன். அந்தப் பெண் சொன்ன 'குளிர்' நல்ல சொல், கலித்தொகைக்கும் அது அந்நியமில்லை. அவளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

ஆனால் பெயரில் 'ரொட்டி' நிற்கும்வரை என் ஒப்பம் அதில் இல்லை. உள்ளே பழம் வைத்ததைச் சொல்லும் உறுப்பும் அந்தப் பெயரில் இல்லை. 'பழ ரொட்டி' என்றால் பழம் பிசைந்த ரொட்டியும் ஆகும். அகத்தீடு என்ற கருத்தையே விட்டுவிட்டீர்கள். கையேட்டின் கடைசிப் பக்கச் சொல்லடைவில் 'பூரணம்: கவவு' என்று ஒரு வரி மட்டும் போடுங்கள் அம்மா. இடமில்லையென்றால் எழுத்தைச் சிறிதாக்கிப் போடலாம்.

கவவுக்கு நச்சினார்க்கினியர் உரையில் இன்னும் பேச வேண்டியது இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன்.