மெக்கர் 1.85 ஜி காட்டுகிறது, பதிவேட்டில் மெகாஓமாக எப்படி எழுதுவது?

கேள்வி:
வணக்கம். 415 வோல்ட், மூன்று ஃபேஸ் மோட்டார். வருடத்துக்கு ஒருமுறை மெக்கர் (இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் அளக்கும் மீட்டர்) வைத்து வைண்டிங்குக்கும் பாடிக்கும் இடையே இன்சுலேஷன் பார்ப்போம். போன வருடம் பழைய மெக்கரில் எடுத்தது 2600 மெகாஓம். இந்த முறை புது டிஜிட்டல் மெக்கர். 500 வோல்ட் கொடுத்து ஒரு நிமிடம் வைத்ததில் 1.85 வந்தது. மெகாஓம் கட்டத்தில் அப்படியே எழுதிவிட்டேன். அதைப் பார்த்த மேலதிகாரி மோட்டாரைக் கழற்றச் சொல்லிவிட்டார். அப்புறம் போய்ப் பார்த்தால் எண்ணுக்குப் பக்கத்தில் 'ஜி' என்ற எழுத்து இருக்கிறது. இதை ஆயிரத்தால் பெருக்குவதா, வகுப்பதா? வகுத்தால் 0.00185 வருகிறது, பயமாக இருக்கிறது. பெருக்கினாலும் போன வருடத்தைவிடக் குறைவுதானே?

பதில் 1:
பெருக்க வேண்டும். ஜி என்றால் ஜிகா. 1 ஜிகாஓம் 1000 மெகாஓம், ஆகவே உங்கள் அளவு 1850 மெகாஓம். கிலோவைக் கிராமாக்கும்போது எண் பெரிதாவதைப் போலத்தான் இதுவும். புதுக் கேபிள்களில் 'டி' கூட வரும், அது டெரா. 0.35 டி என்றால் 350 ஜிகாஓம், அதாவது 3,50,000 மெகாஓம்.

பதில் 2:
பெருக்கல் சரி. ஆனால் எழுத்தை மட்டும் நம்பாமல் கரண்டை வைத்தும் ஒருமுறை பாருங்கள் தம்பி. நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன். வோல்ட்டை மைக்ரோஆம்பியரால் வகுத்தால் விடை நேராக மெகாஓமில் வரும். நானோஆம்பியரால் வகுத்தால் ஜிகாஓம். சைபர் எண்ணும் வேலையே இல்லை. உங்கள் மெக்கரில் லீக்கேஜ் கரண்ட், அதாவது இன்சுலேஷன் வழியாகக் கசியும் கரண்ட், காட்டும் வசதி இருக்கிறதா? அது உண்மையிலேயே 1.85 மெகாஓம் என்றால் 500 வோல்ட்டில் சுமார் 270 மைக்ரோஆம்பியர் ஓடியிருக்கும்.

இன்னொன்று, எம் எழுத்தில் கவனம். பெரிய எம் மெகா, சின்ன எம் மில்லி. ஒன்றுக்கொன்று நூறு கோடி மடங்கு வித்தியாசம். கையால் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அதனால் பதிவேட்டில் 'மெகா' என்று முழுதாக எழுதிவிடுங்கள்.

கேட்டவர்:
நன்றி சார். இருக்கிறது, 0.27 மைக்ரோஆம்பியர் காட்டியது. 500-ஐ 0.27-ஆல் வகுத்தால் 1852. பொருந்துகிறது! ஆனால் 2600-இலிருந்து இறங்கியது ஏன்?

பதில் 3:
வைண்டிங் எந்தச் சூட்டில் இருந்தது? அதைச் சொல்லாமல் இரண்டு வருட அளவை ஒப்பிடவே முடியாது. சுமார் 10 டிகிரி ஏறினால் இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் பாதியாகும் என்பது நடைமுறைக் கணக்கு.

கேட்டவர்:
போன வருடம் 30 டிகிரி என்று பதிவில் இருக்கிறது. இந்த முறை மோட்டாரை நிறுத்திக் கொஞ்ச நேரத்திலேயே எடுத்தேன், 40 டிகிரி.

பதில் 3:
அப்படியென்றால் போன வருடத்து 2600-ஐ 40 டிகிரிக்கு மாற்றினால் 1300. இப்போது 1850. எதுவும் இறங்கவில்லை. ஈரப்பதமும் அளவை மாற்றும் என்பதால் 'முன்னேறிவிட்டது' என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் கழற்றக் காரணமே இல்லை. 1 கிலோவோல்ட்டுக்குக் கீழுள்ள மோட்டார் வைண்டிங்குக்கு ஐஇஇஇ 43 தரநிலை 40 டிகிரியில் கேட்பது குறைந்தது 5 மெகாஓம். நீங்கள் எழுதிய 1.85 அதற்கும் கீழே இருந்ததால்தான் மேலதிகாரி பதறியிருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

கேட்டவர்:
திருத்திவிட்டேன்: 1850 மெகாஓம், 500 வோல்ட், 1 நிமிடம், 40 டிகிரி. மோட்டார் கழற்றப்படவில்லை, எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: பழைய பக்கங்களில் சில மோட்டார்களுக்கு 'இன்ஃபினிட்டி' என்று இருக்கிறதே, அதை எத்தனை ஜிகா என்று மாற்றுவது?

பதில் 2:
மாற்றாதீர்கள். முள் மெக்கரில் இன்ஃபினிட்டி என்றால் அந்த மீட்டரின் எல்லையைத் தாண்டிவிட்டது என்று மட்டுமே பொருள். மீட்டரின் உச்ச அளவு 2000 மெகாஓம் என்றால் '2000 மெகாஓமுக்கு மேல்' என்று எழுதுங்கள். புது மெக்கர் எண்ணுக்கு முன்னால் 'விடப் பெரிது' குறி காட்டினாலும் இதே முறைதான்.