ஊகம் வேண்டாம், கேமரா பதிவு வேண்டும்

வேலூர் நண்பர்களுக்கு வணக்கம். காணாமல்போன எங்கள் சித்தியைப் பற்றி இங்கே ஆளுக்கொரு கதை ஓடுகிறது. கோட்டை அகழியில் தேடச் சொல்கிறார் ஒருவர். சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தே தீர்ப்பு எழுதிவிட்டார் இன்னொருவர். நல்ல துப்பறிதல்!

போலீஸில் புகார் பதிவாகிவிட்டது. காட்பாடி ஜங்ஷன் வாசலில், சித்தூர் பஸ் நிற்கும் இடத்தில் கடை வைத்திருப்பவர்கள் செவ்வாய்க்கிழமை மாலைக் கேமரா பதிவை உடனே தனியாக எடுத்து வையுங்கள். விட்டால் பழையதன் மேல் புதியது ஏறிவிடும். அங்கிருந்து சென்னை, ஜோலார்பேட்டை, திருப்பதி, விழுப்புரம் என நான்கு பக்கமும் ரயில் பிரிகிறது. சித்தி எதில் ஏறினார் என்று தெரிந்தாலே போதும்.

அரக்கு நிற நூல் புடவை, இடது காலைச் சற்றுச் சாய்த்து நடப்பார், கையில் மாத்திரைகள் வைத்த மஞ்சள் பை. பார்த்தவர்கள் இங்கே எழுதுவதற்கு முன் அவசர உதவி எண் 112 அல்லது பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள்.