இரவு உண்ணாநிலையை இரண்டு கேள்விகளால் அளந்துவிட முடியுமா?

முத்தியால்பேட்டை வாசகர்:
புதுச்சேரி, கடலூர்ப் பகுதிகளில் எடுக்கும் உணவுக் கணக்கெடுப்பில், ஒருவர் இரவில் எத்தனை மணி நேரம் உண்ணாதிருக்கிறார் என்பதை அறிய, காலையில் முதலில் எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், இரவில் கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று இரண்டு கேள்விகள் கேட்டாலே போதும் என்பது என் நிலைப்பாடு. தொடக்கநிலை மார்பகப் புற்றுநோய் கண்ட சுமார் 2,400 பெண்களைப் பற்றி 2016இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு, அவர்கள் நினைவிலிருந்து சொன்னதைக் கொண்டே, இரவில் 13 மணி நேரத்துக்குக் குறைவாக உண்ணாதிருந்தவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்புக் கூடுதல் என்று கண்டது. நமக்கென்ன தயக்கம்?

உப்பனாற்றங்கரை:
ஐயா, அந்த ஆய்வில் முந்தைய 24 மணி நேரத்தில் உண்டது, குடித்தது அனைத்தையும் கேட்டு எழுதினார்கள். அதையும் ஆண்டுகள் இடைவிட்டுத் திரும்பக் கேட்டார்கள். தேவனாம்பட்டினத்தில் ஓர் அம்மாவிடம் உங்கள் கேள்விகளைக் கேட்டால், இரவு எட்டு மணிக்குச் சோறு, காலை ஒன்பது மணிக்கு இட்லி என்பார். நீங்கள் 13 மணி நேரம் என்று குறித்துக்கொள்வீர்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் குடித்த டீ கணக்கில் வராது. பாலும் இரண்டு கரண்டிச் சர்க்கரையும் சேர்ந்தால், பல ஆய்வாளர்கள் ஓர் உணவு வேளைக்குக் குறைந்தபட்ச அளவாகக் கொள்ளும் 50 கிலோகலோரியை அந்த ஒரு டம்ளரே தாண்டிவிடும். உண்மையில் அவர் உண்ணாதிருந்தது ஒன்பது மணி நேரம். நெய்வேலியில் இரவு ஷிஃப்டில் ஒரு மணிக்கு டிபன் பாக்ஸைத் திறப்பவருக்கு எது கடைசிச் சாப்பாடு?

முத்தியால்பேட்டை வாசகர்:
ஆயிரக்கணக்கானோரைக் கேட்கும்போது கூடக் குறையச் சொல்வது ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். கேள்விகளைக் கூட்டினால் பாதிப் பேர் பதில் சொல்லாமல் எழுந்து போய்விடுவார்கள்.

உப்பனாற்றங்கரை:
எல்லாரும் ஒரே பக்கமாகத் தவறினால் எண்ணிக்கை அதைச் சரிக்கட்டாது. அடிக்கடி உண்பவர்கள் மெலிந்திருக்கிறார்கள் என்ற பழைய முடிவுக்கே, உடல் பருத்தவர்கள் தாம் உண்டதைக் குறைத்துச் சொன்னது காரணமாக இருக்கலாம் என்று 1997இலேயே ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். 2015இல் சான் டியேகோவில் 150க்கும் மேற்பட்டவர்களிடம் உண்பதையெல்லாம் கைபேசியில் படமெடுக்கச் சொன்னபோது, பாதிக்கு மேற்பட்டவர்கள் நாளில் ஏறத்தாழ 15 மணி நேரமோ அதற்கு மேலோ பரவலாக உண்டது தெரியவந்தது. படமெடுக்க மறப்பவர்களும் உண்டு என்பதால், அதையும் முழு அளவாக நான் கொள்ளமாட்டேன்.

பாகூர் வாசகி:
தண்ணீர் தவிர வாயில் பட்ட முதல் பொருள் எது, கடைசிப் பொருள் எது, எழுந்ததும் படுத்ததும் எப்போது என்று, வேலை நாளுக்கும் விடுமுறைக்கும் தனித்தனியாகக் கேட்கலாமே.

முத்தியால்பேட்டை வாசகர்:
அதற்கு ஆளும் இல்லை, பணமும் இல்லை அம்மா. இரண்டு கேள்விதான் நம்மால் ஆகும்.

உப்பனாற்றங்கரை:
அப்படியானால் அறிக்கையில் அதை இரண்டு சாப்பாடுகளுக்கு இடைப்பட்ட நேரம் என்று மட்டும் எழுதுங்கள் ஐயா; உண்ணாநிலை என்று எழுதி, அதை நோயோடு தொடர்புபடுத்த வேண்டாம்.