தொழில் மந்தம் வந்தப்போ எதை விட்டீங்க, எதை விடலை? சேலத்துக்காரங்க சொல்லுங்க

செவ்வாய்ப்பேட்டை கொலுசுக்காரன்

எங்களுது நாலு பேர் உக்காந்து வேலை செய்யற சின்ன கொலுசுப் பட்டறைங்க. அப்பா காலத்துல இருந்தே கூலி வேலைதான். வியாபாரி வெள்ளியை எடை போட்டுக் குடுப்பாரு. நாங்க உருக்கி, கம்பி இழுத்து, சூடு காட்டி ஒட்டுப் பத்தவெச்சு, மெருகு போட்டு கொலுசா எடை போட்டுத் திருப்பணும். சேதாரம் இவ்வளவுன்னு முன்னாடியே பேசியிருக்கும். வெள்ளி நம்முது கிடையாது. கிலோவுக்கு இவ்வளவுன்னு வர்ற கூலிதான் நம்முது.

2025 ஆரம்பத்துல கிராம் 100 ரூபாயை ஒட்டி இருந்த வெள்ளி, வருஷக் கடைசியில 200-ஐத் தாண்டிருச்சு. சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துக்குப் போனா, "உனக்கென்னப்பா, வெள்ளி ஏறுது, யோகம்தான்"ங்கறாங்க. அவங்களுக்கு எப்படிப் புரியவைக்கிறது? வியாபாரி கையில இருக்கற அதே பணத்துக்கு இப்ப பாதி வெள்ளிதான் வருது. 100 கிராம் கொலுசு எடுத்துட்டிருந்தவங்க 50 கிராமுல மெல்லிசா கேக்கறாங்க. வடக்க இருந்து வர்ற ஆர்டரும் அப்படித்தான். கூலியோ கிலோ கணக்கு. விலை ரெண்டு மடங்கு ஆச்சு, எங்க வருமானம் பாதியாச்சு.

ஆறு நாள் வேலை ரெண்டரை நாளுக்கு வந்துச்சு. ஆளை நிறுத்தலை. இந்த வாரம் ரெண்டு பேர், அடுத்த வாரம் ரெண்டு பேர்னு பிரிச்சுக்கிட்டோம். நான் முதல்ல விட்டது என்ன தெரியுமா? பட்டறைக்கு வர்ற டீ. மாசம் நாலாயிரம் மிச்சம்னு கணக்குப் போட்டேன். பசங்க டீக்கடைக்கே போக ஆரம்பிச்சாங்க. போனா முக்கால் மணி நேரம். அங்க இன்னும் பத்துப் பட்டறைக்காரங்க உக்காந்து அதே பொலம்பல். ரெண்டே வாரத்துல பெரிய பிளாஸ்க் ஒண்ணு வாங்கி, வீட்ல இருந்தே டீ போட்டு எடுத்துட்டு வந்துட்டேன்.

விடாம பிடிச்சது பட்டறைக் குப்பையை. அது என்னன்னு வெளியாளுங்களுக்குத் தெரியாது. அரம் போடறப்ப, வெட்டறப்ப, மெருகு போடறப்ப வெள்ளித் தூள் கீழ விழும். அந்தத் தரைக் குப்பையைச் சேத்து வெச்சா, அதை வாங்கி அலசி, உருக்கி வெள்ளி எடுக்கறவங்க வருவாங்க. முன்ன வாரத்துக்கு ரெண்டு தடவை கூட்டுவோம், அவ்வளவுதான். இப்ப ஒரு நாளைக்கு மூணு தடவை. வாசல்ல சாக்கு போட்டு, வெளிய போறவங்க கால் தட்டிட்டுத்தான் போகணும். கை கழுவற தொட்டித் தண்ணியைக்கூடக் கொட்டறதில்லை. அடியில தங்கற சேத்தை எடுத்துக் காயவெக்கிறோம். கை துடைச்ச பழைய துணியைக்கூட வெளிய போடாம எரிச்சு, சாம்பலைச் சேத்துக்கறோம். விலை ஏறினதுல எங்களுக்குக் கிடைச்ச ஒரே லாபம் இந்தக் குப்பைதான். தீபாவளிக்கு முன்னாடி அதை வித்த காசை நாலு பேருக்கும் எனக்கும் சமமாப் பிரிச்சோம். "ஓனர்னு உனக்கு ரெண்டு பங்கு எடுத்துக்கடா"ன்னு அப்பா சொன்னாரு. எடுத்துக்கலை. கூட்டினது அவங்கதானே.

தப்புப் பண்ணினது நகைக் கடன்ல. ஒரு பேங்க்ல வீட்டம்மா செயினை வெச்சிருந்தேன். முன்ன எல்லாம் வருஷக் கடைசியில வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வெச்சுக்கலாம். இந்தத் தடவை போனா, அசலும் வட்டியும் முழுசாக் கட்டி மூட்டு, அப்புறம் புதுசா வையுங்கறாங்க. அவ்வளவு பணம் இருந்தா நான் எதுக்கு அடகு வெக்கப் போறேன்? அதுக்குன்னே வெளிய ஒருத்தர் இருக்காரு. காலையில குடுப்பாரு, சாயங்காலம் வாங்கிக்குவாரு, நூத்துக்கு ஒரு ரூபா. ரெண்டு லட்சத்துக்கு ரெண்டாயிரம், அரை நாள்ல போச்சு. மாசா மாசம் வட்டியையும் அசல்ல கொஞ்சத்தையும் கட்டிட்டு வரலாம்னு கவுண்ட்டர்ல இருந்த பொண்ணு அதுக்கப்புறம்தான் சொல்லுச்சு. இப்ப குப்பைக் காசுல அப்படித்தான் கட்டறேன்.

நீங்க எதை விட்டீங்க, எதை விடலை? சொல்லுங்க.

குகை அக்கா

தம்பி, உங்க குப்பை மாதிரி எனக்கு மீட்டர்.

வீட்டுக்காரருக்கு லேத்துல வேலை. ஓவர்டைம் நின்னு எட்டு மாசம் ஆச்சு. நான் வீட்லயே ஜாக்கெட் தைக்கிறேன், அது ஏதோ பால், காய்க்கு ஆகும். கரண்ட் பில்லு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வருது பாருங்க, அதுல ஒரு சூட்சுமம் இருக்கு. 500 யூனிட்டுக்குள்ள நின்னா 101-ல இருந்து 200 வரைக்கும் மலிவு ரேட்டு. 501 ஆனா அந்த மலிவு ரேட்டே போயிரும், அந்த நூறு யூனிட்டுக்கும் ரெண்டு மடங்கு. ஒரே ஒரு யூனிட் கூடினதுக்கு 200 ரூபாய்க்கு மேல கூடுதல். போன சித்திரை வெயில்ல எங்களுக்கு 507 வந்துச்சு. அந்த ஏழு யூனிட்டை நெனச்சு எனக்கு ரெண்டு நாள் தூக்கம் இல்லை!

இப்ப மீட்டர் பெட்டிக் கதவுக்கு உள்பக்கம் தையல் சாக்பீஸ்ல எழுதி வெச்சிருக்கேன். ரீடிங் எடுத்த தேதி, அன்னிக்கு நம்பர், அதுக்குக் கீழ ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை நம்பர். நாப்பத்தஞ்சாம் நாள் 380-ஐத் தாண்டினா வீட்ல சட்டம் போட்டுருவேன். தேய்ப்புப் பெட்டி கிடையாது, ஹீட்டர் கிடையாது, கிரைண்டர் வாரத்துக்கு ஒரே தடவை. பையன் "அம்மா, ஈபி ஆபீசரே இவ்வளவு தடவை மீட்டரைப் பாத்திருக்க மாட்டாரு"ங்கறான்.

மத்தது எல்லாரும் பண்றதுதான். ரேஷன்ல துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, அதை ஒரு மாசமும் விடறதில்லை. டவுன் பஸ் நமக்கு இலவசம், தாதகாப்பட்டி உழவர் சந்தைக்குப் போயிட்டு வந்துருவேன். கடை எடுக்கற நேரத்துக்குப் போனா கீரையில ஒரு கட்டு சேத்துப் போடுவாங்க. ஆனா கத்திரிக்காய் சொத்தையாத்தான் இருக்கும், அதையும் சொல்லிடறேன்.

சீட்டைத்தான் விட்டேன். தெருவுல அம்பதாயிரம் ரூபா ஏலச்சீட்டு. வேலை இல்லாத மாசத்துல எல்லாருக்கும் பணம் தேவை, போட்டி போட்டுத் தள்ளுக்கு எடுக்கறாங்க. அம்பதாயிரம் சீட்டை முப்பத்தாறுக்கு ஒருத்தி எடுத்தா. எடுத்தவங்க அப்புறம் மாசாமாசம் கட்டுவாங்களான்னு எனக்கு உள்ளுக்குள்ள உதைச்சுது. என் முறை வர்ற வரைக்கும் இருக்காம, கொஞ்சம் நட்டத்துக்கு வாங்கிட்டு வெளிய வந்துட்டேன். தெருவுல இன்னும் ரெண்டு பேர் எங்கூடப் பேசறதில்லை.

அஞ்சு ரோடு பேச்சிலர்

எல்லாத்தையும் விட்டேன். சனிக்கிழமை தட்டுவடை செட்டை மட்டும் விடலை. கேரட்டு பீட்ரூட்டு நெறைய போடற கடை எதுன்னு தனியா கேளுங்க, சொல்றேன். ஏற்கனவே கூட்டம்.

ஒண்டிக்கடை டிரைவர்

ஏற்காட்டுல டூரிஸ்ட் கார் ஓட்டறேன். எங்களுக்கு மந்தம்னா கீழ இருக்கறவங்களுக்கு வர்ற மாதிரி மெதுவா வராது. 2020 மார்ச்சுல ஒரே நாள்ல நின்னுச்சு. மே மாசக் கோடை விழாவை நம்பித்தான் பாதி வருஷம் ஓடும். 2020, 2021 ரெண்டு வருஷமும் விழா இல்லை. ஏரியில படகு இல்லை, ரோட்ல ஈ காக்கா இல்லை.

காருக்கு டியூ இருந்துச்சு. மார்ச்சுல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் ஆறு மாசம் கட்ட வேண்டாம்னு அறிவிச்சாங்களே, நான் அதைத் தள்ளுபடின்னே நெனச்சுட்டேன். எங்க ஸ்டாண்டுல முக்காவாசிப் பேரு அப்படித்தான் நெனச்சாங்க. அது தள்ளிவெப்புதான், வட்டி ஓடிட்டேதான் இருக்கும்னு அப்புறம் ஸ்டேட்மெண்ட் பாத்தப்பதான் தெரிஞ்சுது. கடன் முடியற தேதி எட்டு மாசம் தள்ளிப் போயிருந்துச்சு. வட்டிக்கு வட்டியை மட்டும் பின்னாடி திருப்பிக் குடுத்தாங்க, அது சின்னத் தொகை. கையில கொஞ்சமாச்சும் இருந்தவங்க கட்டியிருக்கலாம். எங்கிட்ட இருந்துச்சு, நான் கட்டலை.

அந்தக் கார்த்திகையில மாமனார் ஊட்டுப் பக்கத்து எஸ்டேட்டுக்கு நானும் சம்சாரமும் காபிப் பழம் பறிக்கப் போனோம். கிலோ கணக்குக் கூலி. அவ மலைக்காரப் பொண்ணு, சின்ன வயசுல இருந்து பறிச்சவ. சாயங்காலம் எடை போட்டா அவளுக்கு அறுபத்தஞ்சு கிலோ, எனக்கு இருபத்தெட்டு. அதுலயும் பச்சைக்காய் கலந்திருக்குன்னு மேஸ்திரி ஒரு படி அள்ளிக் காட்டினாரு. ஸ்டியரிங் பிடிச்ச கைக்கு அந்தக் கிளையை வளைச்சு, பழுத்ததை மட்டும் திருகி எடுக்க வரலைங்க. ரெண்டு வாரம் கழிச்சு நாப்பதைத் தொட்டேன். பனி விடற முன்ன ஏழு மணிக்கே தோட்டத்துல நிக்கணும், சட்டையெல்லாம் நனைஞ்சிரும். ஆனா வாரக் கூலி சனிக்கிழமை கையில வந்துச்சு. அந்த வருஷம் அதுதான் சோறு.

விடக்கூடாததை விட்ட கதையும் இருக்கு. 2021-ல திரும்ப ஓட ஆரம்பிச்சப்போ பிரேக் பேடு தேஞ்சிருந்துச்சு. ரெண்டு சவாரி போயிட்டு மாத்திக்கலாம்னு ஓட்டினேன். மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவு. இறக்கத்துல நாலஞ்சு வளைவு தாண்டினதும் கருகின வாடை. பின்னாடி ஒரு குடும்பம், ரெண்டு குழந்தைங்க. பெடலை மிதிச்சா பஞ்சு மாதிரி உள்ள போகுது. செகண்டுல போட்டு, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து, மலைப்பக்கமா ஓரங்கட்டி நிறுத்தினேன். "குரங்கு பாக்கலாம், இறங்குங்க"ன்னு சொல்லி அரை மணி நேரம் சமாளிச்சேன். சக்கரம் சூடு ஆறினப்புறம் அவங்களை வேற வண்டியில ஏத்திவிட்டுட்டேன். அவங்களுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. இப்ப சோத்துல கை வெச்சாலும் வைப்பேன், டயர்லயும் பிரேக்குலயும் வைக்கமாட்டேன்.

இளம்பிள்ளை தறிக்காரன்

டிரைவர் அண்ணா, படிக்கறப்பவே வயிறு கலக்குதுங்க.

நான் பதினாலு வருஷம் கூலித் தறி ஓட்டினவன். எங்க பக்கம் அட்வான்ஸ்னு ஒண்ணு உண்டு. வேலைக்குச் சேரும்போது தறி முதலாளி ஒரு தொகை குடுப்பாரு. அதைக் கட்டி முடிக்கற வரைக்கும் வேற பட்டறைக்குப் போக முடியாது. தொழில் நல்லா இருக்கறப்போ யாரும் அதைப் பெருசா நெனைக்கறதில்லை. மந்தத்துலதான் அது கழுத்தைப் பிடிக்கும். வேலை குறையுது, கூலி குறையுது, கேக்க முடியாது. கேட்டா "கணக்கைத் தீத்துட்டுப் போ"ம்பாங்க. கூட ஓட்டினவன் கொரோனாவுல எழுபதாயிரம் வாங்கினான், இன்னும் அங்கேயேதான் இருக்கான். நான் அந்த சமயத்துல கை நீட்டலை. தைரியம்னு நெனைக்காதீங்க. சம்சாரத்துக்கு நூறு நாள் வேலை இருந்துச்சு, அது இருந்ததால கை நீட்டாம இருந்தேன்.

கடனில்லாம இருந்ததாலதான் 2023-ல சொந்தமா ரெண்டு பழைய தறி போட முடிஞ்சுது. அந்த வருஷம்தான் விசைத்தறிக்கு இலவச மின்சாரம் 750 யூனிட்ல இருந்து 1000 ஆச்சு. ரெண்டு தறிக்கு அது பெரிய தெம்பு. 2022-ல பஞ்சு ஒரு கேண்டி (356 கிலோ) ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டு நூல் வெலை எகிறினப்போ பழைய இரும்புக்குப் போட்ட தறிங்களை நானே லாரியில ஏத்திவிட்டிருக்கேன், அதுக்கும் கூலி வாங்கினேன். எடைக்குப் போன தறியோட சேந்து ஓடின சத்தமும் போயிரும். எங்க தெருவுல ராத்திரி நிசப்தமா இருந்தா கெழவிங்களுக்குத் தூக்கம் வராது.

இப்ப பாவு, அதான் தறியில நீளவாக்குல ஏத்தற நூல், ஒண்ணு வந்தா பாதிப் பாதியா ரெண்டு தறிக்கும் பிரிக்கறதில்லை. ஒரு தறியை மட்டும் ஓட்டி, இன்னொண்ணை எண்ணெய் போட்டு மூடி வெச்சிருக்கேன். மூடி வெச்சதுக்கு யாரும் வட்டி கேக்கறதில்லை பாருங்க.

ஆத்தூர் குச்சிக்கிழங்கு

உங்களுக்கெல்லாம் கூலி. எங்களுக்குப் பாயிண்ட். மரவள்ளிக் கிழங்குல மாவுச்சத்து எத்தனை பாயிண்ட்னு பாத்துதான் ஜவ்வரிசி மில்லுல வெலை. வெலை இல்லைன்னு வெட்டாம நிலத்துலயே விட்டுப் பாத்தேன், ரெண்டு மாசம். நடுவுல மழை பிடிச்சு பாயிண்ட் எறங்கிருச்சு. வெலை ஏறினப்போ என் கிழங்குல சத்து இல்லை. இந்தத் தடவை கால்வாசி நிலத்துல சோளமும் தட்டைப்பயறும் போட்டிருக்கேன், மாட்டுக்கும் ஆச்சு, ஊட்டுக்கும் ஆச்சு. அவ்வளவுதான் நம்ம கதை.

குகை அக்கா

கொலுசுத் தம்பி, ஒரு சந்தேகம். எங்கிட்ட அறுந்த கொலுசு ஒரு ஜோடி பீரோவுல கெடக்கு. இப்ப வெலை இருக்கே, போட்டுட்டுப் புதுசு எடுக்கலாமா?

செவ்வாய்ப்பேட்டை கொலுசுக்காரன்

வேண்டாங்க்கா. பழசைப் போட்டா டச், அதான் வெள்ளியோட சுத்தம், பாத்துக் கழிப்பாங்க. புதுசு எடுத்தா சேதாரமும் கூலியும் தனியா ஏறும். ரெண்டு பக்கமும் உங்களுக்குத்தான் அடி. அறுந்ததை மட்டும் பத்தவெச்சு மெருகு போட்டுக்கங்க. பட்டறைக்கு எடுத்துட்டு வாங்க, இப்ப எங்களுக்கும் நேரம் கெடக்கு. கழண்ட திருகாணி, உதிர்ந்த சலங்கை எதுனா பீரோ மூலையில கெடந்தா அதையும் தேடிப் பாத்து ஒரு பேப்பர்ல மடிச்சுக் கொண்டாங்க.