போர்ட் ஜோய் முகாம்: முதல் சில மணிநேர அனுபவங்கள்

புதுக்குடியிருப்பு உறுப்பினர்:

டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2 என்ற கணினி விளையாட்டு வெளிவந்தது 2017 செப்டெம்பரில். பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனத்துடையது. நான் இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். பழைய விளையாட்டு என்பதால் தள்ளுபடியில் மலிவாகக் கிடைத்தது, என் மடிக்கணினியும் தாங்குகிறது.

கதை இதுதான்: சோர்ஸ் என்ற மந்திர சக்தி உள்ளவர்களைப் பிடித்துக் கழுத்தில் பட்டி மாட்டி, கப்பலில் ஏற்றி ஒரு தீவுக்கு அனுப்புகிறார்கள். கேட்டால், குணப்படுத்தத்தான் என்கிறார்கள். தீவில் இருப்பது போர்ட் ஜோய் என்ற கோட்டை. அதன் மதிலுக்குள் ஒரு முகாம்.

2009இல் மெனிக்பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்தபோது நான் சிறுவன். ஆகவே வாளையும் மந்திரத்தையும் விட முகாம் நடக்கிற விதம்தான் என் கண்ணில் முதலில் பட்டது. சமையலிடத்தைப் பிடித்து வைத்திருக்கும் கிரிப் என்பவன் வைத்ததுதான் அங்கே சட்டம். அவனுடைய பொருள் களவு போகிறது. சந்தேகத்தின் பேரில் எல்ஃப் என்ற கற்பனை இனத்தைச் சேர்ந்த ஒருவனைக் கூண்டில் அடைத்துவிடுகிறான். காவலர்கள் இதையெல்லாம் கண்டுகொள்வதில்லை. அடைபட்டவர்களுக்குள்ளேயே ஒரு சின்ன அரசாங்கம் முளைக்கும் என்பது இதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒட்டாத இடங்களும் உண்டு. திரும்பிய பக்கமெல்லாம் பெட்டியும் பீப்பாயும். திறந்தால் ஏதாவது கிடைக்கிறது. நான் அறிந்த முகாமில் வெறும் பிளாஸ்டிக் கலனுக்குக்கூட உரிமைக்காரர் இருந்தார். தண்ணீர் பவுசர் வருவதற்கு முன்பே வரிசையில் கலன் வைத்து, அதற்குக் காவலாக என்னை இருத்திவிட்டுப் போவார் அம்மா. இன்னொன்று, நேற்று வந்த அந்நியனிடம் எல்லோரும் மனம் திறந்து பேசுகிறார்கள். எங்கள் பெரியவர்கள் பக்கத்துக் கூடாரத்துக்குக் கேட்காமல்தான் எதையும் பேசினார்கள்.

சண்டையைப் பற்றி மற்றவர்கள் எழுதுங்கள். எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கிளிநொச்சி உறுப்பினர்:

தம்பி, சண்டையில் அவசரம் கிடையாது. அதுதான் அதன் ருசி. ஒவ்வொருவருக்கும் ஒரு முறை வரும். முறைக்கு நான்கு செயல் புள்ளிகள். நடப்பதற்கும் அடிப்பதற்கும் மந்திரத்துக்கும் அதிலிருந்துதான் செலவு. மிச்சம் பிடித்தால் அடுத்த முறையில் ஆறு வரை சேரும். வேலை முடிந்து களைத்து வந்து, தேநீரை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்யலாம் என்று ஆறுதலாக யோசிக்கலாம். எதிரி காத்திருப்பான்.

முதலில் கவசக் கணக்கைப் பாருங்கள். உடற்கவசம், மந்திரக் கவசம் என்று இரண்டு உண்டு. உடற்கவசம் தீராமல் ஒருவனை விழுத்த முடியாது. மந்திரக் கவசம் தீராமல் உறையவைக்க முடியாது. எனவே நால்வரும் ஆளுக்கொரு பக்கம் அடித்தால் ஒன்றும் நடக்காது. ஒருவனையே குறிவைத்து உரியுங்கள். நிலத்தையும் கவனியுங்கள்: எண்ணெயில் நெருப்புப் பட்டால் பற்றும், தண்ணீரில் மின்னல் பட்டால் அதில் நிற்கும் எல்லோருக்கும் அடி. நம் ஆட்களும் அதில் அடக்கம்.

கடற்கரையில் முதலைகள் நிற்கும். அவற்றில் ஒன்று நின்ற இடத்திலிருந்து மறைந்து உங்கள் பக்கத்தில் வந்து குதிக்கும். நம் குளத்து முதலைகளுக்கு இந்த வித்தை தெரியாதது நல்லகாலம். அவற்றைக் கொன்றால், ஆளையும் பொருளையும் தூக்கி வேறிடத்தில் போடும் கையுறை கிடைக்கும். அதை விற்றுவிடாதீர்கள், தப்பிப் போகும் வழிகளில் ஒன்று அதுதான்.

முல்லைத்தீவு உறுப்பினர்:

நானும் மச்சாளும் ஒரே திரையை இரண்டாகப் பிரித்து விளையாடுகிறோம். நான் பேன் என்ற எலும்புக்கூட்டைத் தேர்ந்தெடுத்தேன். நஞ்சு குடித்தால் அவனுக்குக் காயம் ஆறும். குணப்படுத்தும் மந்திரம் போட்டால் அடி விழும். முகத்தை மூடாமல் ஊருக்குள் போனால் சனம் தாக்க வரும். மச்சாளுக்குச் சண்டையில் அக்கறை இல்லை. மிருகங்களோடு பேசும் திறமையை எடுத்துக்கொண்டு, எலி, நாய் என்று ஒன்றையும் விடாமல் விசாரிக்கிறாள். உண்மையில் மனிதர்களைவிட அவைதான் அதிகம் சொல்கின்றன.

ஒரு கறுப்புப் பூனை எங்கள் பின்னாலேயே வருகிறது. கோட்டை வாசலுக்குக் கிட்டப் போனதும் காவலன் அம்பெய்து அதைக் கொன்றுவிட்டான். மச்சாள் கோபத்தில் கட்டுப்படுத்தியைக் கீழே வைத்துவிட்டாள். பூனையைத் தப்பவைக்க வழி உண்டா?

புதுக்குடியிருப்பு உறுப்பினர்:

உண்டு, அக்கா. வாசல் பக்கம் போகாமல் வேறு வழியால் கோட்டைக்குள் போய்ப் பாருங்கள். என் பூனை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. எஃப் 5 அழுத்தினால் அந்த இடத்திலேயே சேமிக்கும். இங்கே கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாததால், நான் ஒவ்வொரு சண்டைக்கு முன்பும் அழுத்திவிடுவேன்.