புதுப்பிப்பு: லாஞ்சி போட்டு மூன்று வாரம்

தருமபுரியில் எங்கள் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் திரை முழுக்க ஐகான், தேடுவதிலேயே நேரம் போகிறது, பெயரைத் தட்டினால் திறக்கிற இலவச மென்பொருள் உண்டா என்று போன மாதம் கேட்டிருந்தேன். லாஞ்சியைச் சொன்னவர்களுக்கு மிக்க நன்றி.

ஆல்ட்டும் ஸ்பேஸும் அழுத்தினால் சின்னப் பெட்டி வருகிறது. இரண்டு மூன்று எழுத்து அடித்து என்டர் தட்டினால் போதும். 2010-இல் வந்த 2.5 பதிப்புதான், பழைய கம்ப்யூட்டருக்குப் பாரமே இல்லை.

ஒரு சிக்கல் வந்தது. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள். பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்திலிருந்து காலையிலேயே மனு அடிக்க வந்துவிடுவார்கள். அன்றைக்கு முழுக்கத் தமிழ்99 விசைப்பலகைதான். அந்த நிலையில் வேர்டு என்று ஆங்கிலத்தில் அடித்தால் பெட்டியில் தமிழ் எழுத்து விழும், எதுவும் கிடைக்காது. ஒவ்வொரு தடவையும் மொழியை மாற்றிக் கை சலித்துவிட்டது.

அப்புறம் இப்படிச் செய்தேன். மனு மாதிரிகளுக்கு ஷார்ட்கட் எடுத்து, ‘பட்டா’, ‘முதியோர்’, ‘வாடகை’ என்று தமிழிலேயே பெயர் வைத்து ஒரே ஃபோல்டரில் போட்டேன். லாஞ்சி ஆப்ஷன்ஸில் கேட்டலாக் பக்கத்தில் அந்த ஃபோல்டரைச் சேர்த்து, ஃபைல் வகையில் எல்என்கே (ஷார்ட்கட் ஃபைலின் பெயர் முடிவு, .lnk) கொடுத்து, பட்டியலைப் புதுப்பிக்கிற ரீஸ்கேன் பட்டனை அழுத்தினேன். இப்போது ‘பட்’ அடித்தாலே பட்டா மனு திறக்கிறது. எதிரே நிற்கும் பெரியவர் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் தட்டச்சைத் தொடங்கிவிடுகிறேன்.

ஃபோல்டரில் புதிதாக ஏதாவது போட்டால் உடனே ஒருமுறை ரீஸ்கேன் கொடுத்துவிடுங்கள்.